மூச்சு வாங்குவதற்கு வயது மட்டும்தான் காரணமா? தூத்துக்குடி காற்றும் நம் வீட்டுப் பெரியவர்களும்

சுப்ஹு தொழுகைக்கு நடந்து வரும் பெரியவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரை நிற்காமல் வந்தவர், இப்போது வழியில் இரண்டு இடத்தில் நிற்கிறார். மின்கம்பத்தில் கை வைத்துக்கொள்கிறார். அல்லது பூட்டியிருக்கும் கடையின் படியில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்கிறார். மறுபடி கேட்டால் "வயசாச்சுல்ல" என்று முடித்துவிடுகிறார்.

மருத்துவர்கள் இந்த நடையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். வேகமாக நடந்தாலோ மேட்டில் ஏறினாலோ மட்டும் மூச்சு வாங்கினால் முதல் நிலை. தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் இரண்டாம் நிலை. சமதளத்தில் 100 மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை. சட்டை மாற்றும்போதே மூச்சு வாங்கி, வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் போனால் நான்காம் நிலை. பள்ளிவாசலுக்கு வரும் வழியில் இரண்டு முறை நிற்பவர் இரண்டாம் நிலையையோ மூன்றாம் நிலையையோ அடைந்துவிட்டவர். அது வெறும் முதுமை அல்ல. பெயரும் மருந்தும் உள்ள ஒரு நோயாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

வயது ஏற ஏற நுரையீரல் தளரும் என்பது உண்மைதான். முப்பது வயதைத் தாண்டியபின், ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைகிறது. ஆரோக்கியமான நுரையீரலில் இருப்பு அதிகம் என்பதால், எண்பது வயதிலும் இந்தக் குறைவு அன்றாட நடையைப் பாதிப்பதில்லை. புகையும் தூசியும் சேரும்போது இழப்பு வேகமாகிறது, இருப்பு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இளம் வயதில் சுவாசித்த புகைக்கான கணக்கு அறுபதுக்கு மேல்தான் தெரியவரும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. குழந்தைப் பிறப்பு குறைந்து ஆயுள் கூடிய மாநிலம் இது. 60 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதத்தை எட்டும் என்கிறார்கள். இந்தியாவில் கேரளாவுக்கு அடுத்தபடியாக முதியவர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் நம்முடையதே. நம் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் சஃபரில் இருக்க, பெரிய வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இரண்டு பக்கமும் புகைபோக்கி

தூத்துக்குடியின் அமைப்பைப் பார்த்தாலே பிரச்சினை பாதி விளங்கிவிடும். தென்கிழக்கே கடலோரத்தில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. மேற்கே மதுரை பைபாஸை ஒட்டி சிப்காட் வளாகம். தெற்கே முத்தையாபுரம், ஸ்பிக்நகர் வரிசையில் உர ஆலையும் இரசாயனத் தொழிற்சாலைகளும். இவற்றுக்கு நடுவில் ஊர். பகலில் கடற்காற்று துறைமுகப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வீசுகிறது. ஆடி மாதம் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும்போது சிப்காட் பக்கத்துக் காற்றும் வறண்ட காட்டுத் தூசியும் ஊருக்குள் வருகின்றன. இது மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையை விட்டால் தூசியை அடக்க மழை கிடையாது.

புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ல். அதன் அருகிலேயே அரசு அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. 1991-க்குள் தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் வந்து மொத்தம் 1,050 மெகாவாட் ஆனது. பின்னர் 2015-ல் அதே கடலோரத்தில் என்.டி.பி.எல். நிறுவனத்தின் 1,000 மெகாவாட் நிலையம் சேர்ந்தது. மேலமருதூரில் தனியார் நிலையம் ஒன்று உள்ளது. உடன்குடியில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கி, கன்வேயரிலும் லாரியிலும் போய், எரிந்து, சாம்பலாகிறது. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் தூசி உண்டு. கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை தனி.

நிலக்கரியில் உள்ள கந்தகம் எரியும்போது சல்ஃபர் டை ஆக்சைடு வாயு வருகிறது. இதைப் பிடித்து நிறுத்தும் கருவியை அனல்மின் நிலையங்கள் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் முடிக்கச் சொன்ன வேலைக்கான கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கே அளித்துவிட்டது. காற்றுத் தர அளவை எட்டாத நகரங்களுக்குப் பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் தனித்தனியாக ஆராய்ந்து முடிவு செய்வதாகச் சொல்கிறது. தூத்துக்குடி அப்படிப்பட்ட நகரங்களில் ஒன்று. எனவே இங்குள்ள நிலையங்கள் பற்றி என்ன முடிவு வருகிறது என்று ஊர் மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காவிட்டால் கெடு மறுபடியும் தள்ளிப்போகும் என்பதுதான் பத்து வருட அனுபவம்.

கப்பல் புகையில் மட்டும் நல்லதொரு மாற்றம் நடந்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் உலகெங்கும் கப்பல் எரிபொருளில் கந்தக அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு கட்டாயமாக்கியது.

2013 மார்ச் 23, ஒரு காலை

தூத்துக்குடியின் காற்றைப் பற்றிப் பேசும்போது தாமிர உருக்காலையை விட்டுவிட முடியாது. 1990-களின் நடுவில் வந்த ஸ்டெர்லைட் ஆலையின் கதை நம்மில் பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2013 மார்ச் 23 காலையில் ஊரில் பல இடங்களில் மக்களுக்குத் தொண்டை எரிந்து, கண் எரிந்து, மூச்சுத் திணறியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 2-ல் உச்ச நீதிமன்றம், பழைய மீறல்களுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி, ஆலை இயங்கலாம் என்றது. 2018-ல் விரிவாக்கத்தை எதிர்த்து அ.குமரெட்டியபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. அன்றைய துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28-ல் அரசு ஆலையை நிரந்தரமாக மூடியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தன.

இந்த நீண்ட வழக்கில் முதியவர்களின் உடல்நிலையோடு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆவணம் உண்டு. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தி 2008-ல் அறிக்கை தந்தது. 80,725 பேர் வாழும் பகுதி அது. அங்கே ஆஸ்துமா வகை மூச்சுக்குழாய் அழற்சி 2.8 சதவீதம் பேருக்கு இருந்தது. மாநில சராசரியோ 1.29 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். தொழிற்பகுதிக் காற்றில் உள்ள வாயுக்களும் துகள்களும் இதற்குத் தூண்டுதலாக இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே ஓர் ஆலைதான் காரணம் என்று அந்த ஆய்வு தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் சுவாச நோய் கூடுதல் என்பதை அரசு மருத்துவக் கல்லூரியே வீடு வீடாகப் போய் எண்ணிச் சொன்னது.

ஆலை மூடியபிறகு "இனிமேல் காற்று சுத்தம்" என்ற நிம்மதி ஊரில் பரவியது. அது முழு உண்மை அல்ல. 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, தொடர்ந்து ஐந்தாண்டு தர அளவை மீறிய நகரங்கள் என்று 102 ஊர்களைப் பட்டியலிட்டார்கள். அந்த முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே ஊர் தூத்துக்குடி. சென்னைகூட இல்லை. பழைய ஆண்டுகளின் அளவுகளை வைத்துத் தயாரித்த பட்டியல்தான் அது. ஆனால் அதில் நம் ஊர் சேர்ந்ததற்குக் காரணம் கந்தக வாயு அல்ல, தூசித் துகள். சாலைத் தூசி, லாரி, நிலக்கரி, கட்டுமானம், குப்பை எரிப்பு ஆகியவை எல்லாம் சேர்ந்த கணக்கு. அவை எதுவும் 2018 மே மாதத்தோடு நின்றுவிடவில்லை.

உப்பளக் காற்று, மீன் கழிவு ஆலைகளின் நாற்றம் பற்றியும் புகார்கள் உண்டு. பொட்டலூரணி மக்கள் அதற்காக 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். காயல்பட்டினத்தில் சாகுபுரம் இரசாயன ஆலை பற்றியும் புற்றுநோய் பற்றியும் பல ஆண்டுகளாகக் கவலை இருக்கிறது. புற்றுநோய்க்கான காரணத்தை உறுதி செய்ய நீண்ட காலப் பதிவேடுகள் வேண்டும். மூச்சு நோய் அப்படியல்ல, காற்று மாறினால் சில நாளிலேயே மருத்துவமனைக் கூட்டத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் இருந்த எஃகு ஆலை ஒரு வேலைத் தகராறால் 1986 ஆகஸ்டிலிருந்து சுமார் ஓராண்டு மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1990 செப்டம்பரில் புகை நிலக்கரி விற்பனையைத் தடை செய்தார்கள். அதன்பின் சுவாச நோய் இறப்புகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. தூத்துக்குடியிலும் 2018-க்கு முன்னும் பின்னும் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து இப்படி ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய ஏடுகள் மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன.

துகள் உள்ளே போய் என்ன செய்கிறது

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைவான தூசியை பிஎம் 10 என்கிறார்கள். அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் பிஎம் 2.5. எரியும் பொருளிலிருந்து வருபவை பெரும்பாலும் இவை. நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய், அங்கே அழற்சியை உண்டாக்கி, அதில் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. அதனால்தான் காற்று மாசினால் வரும் இறப்புகளில் மாரடைப்பும் பக்கவாதமும் இவ்வளவு இடம் பிடிக்கின்றன. மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்றாகவும் காற்று மாசை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-ல் சேர்த்தது.

முதியவருக்கு இது ஏன் அதிகம்? மூச்சுக்குழாயைப் பெருக்கித் தள்ளும் நுண்மயிர்கள் வயதில் மெதுவாகிவிடும். இருமி வெளியேற்றும் வலுவும் குறையும். ஏற்கெனவே சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் குழாய் அடைப்பு இருக்கும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 6 கோடி பேரை 2000 முதல் 2012 வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. காற்றில் பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 7.3 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. அரசு 'பாதுகாப்பானது' என்று வைத்திருந்த அளவுக்குக் கீழேயும் இந்தப் பாதிப்பு நிற்கவில்லை.

சல்ஃபர் டை ஆக்சைடு வேறு விதம். அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடத்திலேயே. இங்கேதான் சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. காலையில் ஒரு மணி நேரம் வாயு அடர்த்தியாக வந்து போனால், 24 மணி நேரச் சராசரியில் அது கரைந்துவிடும். ஆண்டுச் சராசரியில் தெரியவே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 10 நிமிட வரம்பு ஒன்றை, 500 மைக்ரோகிராம் என்று, தனியாக வைத்திருப்பது அதனால்தான்.

பச்சை நிறத்தை எவ்வளவு நம்பலாம்

தூத்துக்குடியில் நீண்ட காலமாக மூன்று இடங்களில் காற்றைப் பிடித்து அளக்கிறார்கள்: மீன்வளக் கல்லூரி, ஏவிஎம் கட்டடம், ராஜா ஏஜென்சீஸ். இந்தத் தேசியத் திட்டத்தில் வாரம் இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள் அளப்பது முறை. மற்ற நாட்களில் என்ன வந்தது என்பது அதில் பதிவாகாது. மீளவிட்டானில் தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்று உள்ளது. அதன் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஸ்பிக்நகரிலோ திரேஸ்புரத்திலோ இருக்கும் பெரியவர் சுவாசிக்கும் காற்று மீளவிட்டான் காற்று அல்ல.

செயலியில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 50 வரை 'நல்லது', 100 வரை 'திருப்தி', இரண்டுக்கும் பச்சை நிறம். பிஎம் 2.5 நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை இந்தப் பச்சைக்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த நாள் வரம்பு 15. அதாவது நான்கு மடங்கு வரை நமக்குப் பச்சையே காட்டும். 'திருப்தி' என்ற நிலைக்கே, எளிதில் பாதிக்கப்படுவோருக்கு லேசான மூச்சுத் தொல்லை வரலாம் என்று வாரியத்தின் சொந்த விளக்கம் சொல்கிறது. 101-ஐத் தாண்டிய 'மிதமான' நிலையில் நுரையீரல், இதய நோயாளிகளோடு முதியவர்களையும் குழந்தைகளையும் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. எனவே வீட்டில் இதய நோயோ இழுப்போ உள்ள பெரியவர் இருந்தால், நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். 100-ஐத் தாண்டும் நாளில் நீண்ட நடையைத் தவிர்ப்பது நல்லது.

மூச்சை வைத்துப் பிழைத்தவர்கள்

இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் மூச்சுக்குப் பேர் போனது. கல்லைக் கட்டிக்கொண்டு முத்துப் பாருக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளி வந்தவர்களில் பரதவர்களும் இருந்தார்கள், கீழக்கரை, காயல்பட்டினம் பகுதி முஸ்லிம்களும் இருந்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பு இன்னும் நடக்கிறது. ஆனால் இப்போது படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்று அனுப்புகிறார்கள். ஆபத்து அங்கேதான். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் இன்ஜின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால், கடலுக்கு அடியில் இருப்பவர் சுவாசிப்பது டீசல் புகையும் எண்ணெய் ஆவியும் கலந்த காற்று. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி என்று மேலே வருபவரை 'கடல் ஒத்துக்கலை' என்று விட்டுவிடுகிறார்கள். இழுவாயை உயரத்தில், காற்று வரும் திசையில் குழாய் நீட்டி வைப்பதற்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் பெரிய செலவு ஆகாது. குளிப்பை விட்ட பிறகு மூட்டு வலியும் காது மந்தமும் மட்டும்தான் பேசப்படுகின்றன. இருபது முப்பது வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்த நுரையீரலையும் ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் புகை

பீடி தொடாத உம்மாவுக்கு எப்படி நுரையீரல் அடைப்பு வந்தது என்று பிள்ளைகள் வியக்கிறார்கள். இளமையில் முப்பது வருடம் விறகடுப்பில் ஊதியதை அவர்கள் பார்த்ததில்லை. கேஸ் அடுப்பு வந்துவிட்டது, பழைய பாதிப்பு போகவில்லை. நெல்லைச் சீமையில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிய பெண்களுக்குப் புகையிலைத் தூள் வேறு.

இன்றும் விடாமல் இருப்பவை இரண்டு. ஒன்று கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. மூடிய அறையில், பெரியவரின் கட்டில் காலடியில் அதை வைக்கிறோம். கொசுவலை போதும். மற்றொன்று சாம்பிராணி. வெள்ளி இரவில் வீடு முழுக்கப் புகை காட்டுவது நம் பழக்கம். வாசனை விரும்பத்தக்கதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இழுப்பு உள்ளவர் இருக்கும் அறையில் புகை வேண்டாம். அத்தர் போதும். விடத்தான் முடியாது என்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, அவரை அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வையுங்கள்.

ஜமாஅத்தின் கையில் இருப்பவையும் சில உண்டு. ஜெனரேட்டரின் புகைக்குழாய் ஹவுளுப் பக்கம் திரும்பியிருக்கும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஒரு வெல்டரைக் கூப்பிட்டு அதைக் கூரைக்கு மேல் ஏற்றிவிடலாம். மையவாடி மூலையில் குப்பை எரிப்பதை நிறுத்தலாம். பிளாஸ்டிக் கலந்த குப்பைப் புகை நிலக்கரிப் புகைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

சுப்ஹு நேரம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பனிக்காலத்தில் அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே எழாமல் தேங்கி நிற்கும். புகையும் அதோடு தேங்கும். வெயில் ஏறி, கடற்காற்று வந்த பிறகுதான் கலையும். அதனால் ஜமாஅத்தை விடச் சொல்லவில்லை. லாரி ஓடும் மெயின் ரோட்டை விட்டு உள்தெரு வழியாக, பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக வரலாம். ஆனால் தொழுகை முடிந்த கையோடு உடற்பயிற்சி என்று பைபாஸில் வேகநடை போவதை அஸருக்குப் பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது பெரும் தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது.

சோதனையும் மருந்தும்

மூன்று மாதமாகத் தொடரும் இருமல், சளி, நடந்தால் மூச்சு வாங்குதல் இருந்தால் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்ய வேண்டும். குழாயில் ஊதும் பத்து நிமிட வேலை. எக்ஸ்ரேயில் தெரியாத அடைப்பு இதில் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளியில் காசநோய்ச் சோதனை, அது இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போது மூச்சு வாங்குவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர் முதல் உண்டு.

'இன்ஹேலர் பழகிவிடும், கடைசி மருந்து அதுதான்' என்ற பேச்சு நம் வீடுகளில் பெரிய கேடு செய்கிறது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கும் நாற்பதில் ஒரு பங்கும்தான். நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த மருந்து போதும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவையை இணைத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அடித்தால் பாதிக்கு மேல் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவர் சொன்னால் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளட்டும். ஹஜ்ஜுக்குப் போவதற்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, ஊரில் இருப்பவருக்கும் அது தேவைதான்.

ரமலானில் இந்த நோயாளிகள் தவிக்கிறார்கள். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே இரு கருத்து உண்டு, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள். 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் வேலை செய்யும் இன்ஹேலர்கள் உள்ளன. ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ளும்படி பலருக்கு மாற்றித் தர முடியும். ஷஃபான் மாதத்திலேயே போய்ப் பேசுங்கள், நோன்பு பிறந்த பிறகு அல்ல. அப்படியும் முடியாதவர் வேறு நாளில் நோற்கவும், அறவே இயலாத முதியவர் ஃபித்யா கொடுக்கவும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. நோன்பு விட்டுப்போகும் என்று பயந்து, திணறலோடு மருந்தை மறைத்து வைக்கும் பெரியவர்களிடம் இதை இமாமே எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். பிள்ளைகள் சொன்னால் கேட்பதில்லை.

சஃபரில் இருப்பவர்கள் போனில் "வாப்பா, நல்லா இருக்கியளா?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். மாடிக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தால், அல்லது நடு இரவில் எழுந்து ஜன்னலோரம் உட்காருவதாகச் சொன்னால், அது நுரையீரலோடு இதயமும் திணறுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்திருப்பதாக உம்மா சொன்னால், போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு 108-க்குப் பேசச் சொல்லுங்கள்.